ஏழு பேருக்கு ஒரு ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் பென்சிலும் ஒரு துண்டுக் காகிதமும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்த எண் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு. எழுதிக்கொள்ளுங்கள்: 1, 4, 2, 8, 5, 7.

இதை இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. நான்கு, ஐந்து, ஆறு என்று போனாலும் அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை. தொடங்கும் இடம்தான் வேறு. கும்மியடிக்கும் வட்டம் மாதிரி, யார் முன்னால் வந்தாலும் பக்கத்தில் நிற்பவர் மாறுவதில்லை. ஏழால் பெருக்கிப் பாருங்கள், 999999.

மும்பை தாராவியில் மாலை நேரத்தில் என்னிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை மேஜிக் என்றார்கள். ஒரு சிறுமி மட்டும், "ஏன் டீச்சர் அப்படி வருது?" என்று கேட்டாள். அந்த 'ஏன்' எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஒரு ரூபாயை ஏழு பேருக்குப் பங்கு போடுவோம். பத்துப் பைசா நாணயங்களாக மாற்றினால் பத்து நாணயம். தலைக்கு ஒன்று, மீதி மூன்று. அந்த மூன்றையும் சில்லறை மாற்றினால் முப்பது. தலைக்கு நான்கு, மீதி இரண்டு. பைசாவுக்குக் கீழேயும் சில்லறை உண்டு என்று வைத்துக்கொண்டு தொடருங்கள். இருபதில் தலைக்கு இரண்டு, மீதி ஆறு. அறுபதில் எட்டு, மீதி நான்கு. நாற்பதில் ஐந்து, மீதி ஐந்து. ஐம்பதில் ஏழு, மீதி ஒன்று. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்! கொடுத்ததை வரிசையாகப் படியுங்கள்: 1, 4, 2, 8, 5, 7.

ஒன்று முதல் ஆறு வரை எல்லா மீதியும் ஒருமுறை வந்துபோனதைக் கவனித்தீர்களா? ஒரு ரூபாய்க்குப் பதில் இரண்டு ரூபாயைப் பங்கிட்டால், 'மீதி இரண்டு' வந்த இடத்திலிருந்து அதே கணக்கு ஓடும். 2, 8, 5, 7, 1, 4. அந்தச் சிறுமிக்கான பதில் இவ்வளவுதான்.

இந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 20408122449. அதை 20408, 122449 என்று வெட்டிக் கூட்டினால் பழைய 142857 திரும்பி வரும். இப்படிப்பட்டவற்றுக்குக் கப்ரேகர் எண்கள் என்று பெயர். நம் வெஸ்டர்ன் லைன் லோக்கல் ரயில் போய் நிற்கும் டஹாணுவில் 1905-இல் பிறந்தவர் கப்ரேகர். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே எண்களை ஆராய்ந்தவர். ஓர் ஆசிரியையாக எனக்கு அதில் தனிப் பெருமை.

சரி, ஏழுக்கு மட்டும்தானா இது? பதினொன்றும் பதின்மூன்றும் இப்படி எல்லா மீதியையும் தொடுவதில்லை. பதினேழு தொடும், பத்தொன்பதும் இருபத்து மூன்றும் தொடும். இத்தகைய பகா எண்கள் முடிவில்லாமல் உண்டு என்பது கணித அறிஞர் எமில் ஆர்ட்டின் 1927-இல் முன்வைத்த ஊகத்திலிருந்து வருவது. இன்றுவரை யாரும் அதை முழுமையாக நிரூபிக்கவில்லை.

இன்றிரவு ஒரு ரூபாயைப் பதினேழு பேருக்குப் பங்கு போட்டுப் பாருங்கள். முதல் இலக்கம் சுழியம், அதை விட்டுவிடாதீர்கள். பதினாறு இலக்கம் வர வேண்டும். வணக்கம்.