பத்து ரூபாய் காசு யார் கையில் செல்லும்?

வணக்கம் மக்களே. இதோ, கேமராவுக்குக் கிட்டக் காட்டுகிறேன், தெரிகிறதா? நடுவில் வெள்ளி நிறம், சுற்றிலும் மஞ்சள் வளையம், கதிர் மாதிரி கோடுகள். அந்தக் கோட்டை எண்ணித்தான் பாதி ஊர் தீர்ப்புச் சொன்னது: 10 கோடு இருந்தால் நல்ல காசு, 15 இருந்தால் கள்ளக் காசு. விஷயம் என்னவென்றால், 2011இல் ரூபாய்க் குறியோடு வடிவத்தை மாற்றினார்கள், அதற்கு முன்னால் அடித்ததில் 15 கோடு. அவ்வளவுதான்.

ரிசர்வ் வங்கி 2016இலேயே சொல்லிவிட்டது, 2018 ஜனவரியில் மறுபடியும் அறிக்கை விட்டது: அதுவரை 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, எல்லாமே செல்லும். ஆனாலும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதை நீட்டினால் "நோட்டு இருந்தா குடுங்க" என்பார்கள்.

கடைக்காரரைத் திட்டாதீர்கள். பேசிப் பாருங்கள், கள்ளக் காசு என்று அவரே நம்பமாட்டார். "நான் வாங்கிக்குவேன், பால்காரர் வாங்கணுமே?" என்பார். பால்காரரைக் கேட்டால் அவர் ஏஜென்ட்டைக் கை காட்டுவார். ஆக, அவரவர் மனதளவில் நம்பாத ஒரு வதந்தி, அடுத்தவர் நம்புகிறார் என்ற பயத்திலேயே வருடக்கணக்கில் உயிரோடு ஓடுகிறது. வங்கி அறிக்கை எனக்குச் செய்தி சொல்லும், சரி, பால்காரரும் அதைப் படித்தார் என்று எனக்கு யார் சொல்வது?

2022இல் அரூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் சேலத்தில் 6 லட்ச ரூபாய்க்குப் பத்து ரூபாய் காசாகவே கொட்டிக் கார் வாங்கினார், ஞாபகம் இருக்கிறதா? நாணயச் சட்டப்படி 1,000 ரூபாய் வரைக்கும்தான் காசை வாங்கியே ஆக வேண்டும், அதற்கு மேல் ஷோரூம்காரர் முடியாது என்றால் முடியாதுதான். அவர் சம்மதித்தார், கார் வெளியே வந்தது.

இதில் கூத்து, அரசு அடித்த காசை வேண்டாம் என்கிற அதே கல்லாவில் ஒரு ரூபாய் சில்லறைக்கு மிட்டாய் தருவார்கள், நாமும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்வோம். அந்த மிட்டாயைத் திருப்பி நீட்டிப் பாருங்களேன், முறைப்பார்!

அப்புறம், "பத்து ரூபாய் நாணயம் வாங்கப்படும்" என்று சில கடைகளில் அட்டை தொங்குகிறதே, என் கணக்கில் அறிக்கையைவிட அதற்குத்தான் வலு அதிகம், ஏனென்றால் வரிசையில் நிற்கிற எல்லாரும் அதைப் படிக்கிறார்கள், பக்கத்தில் நிற்பவர் படிப்பதையும் பார்க்கிறார்கள். உங்கள் ஊரில் வாங்குகிறார்களா? ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள்.