தோப்பு கோர்ட்டில், சாவி என் பையில்

வணக்கம் நேயர்களே. "அந்தத் தோப்பு ரிசீவர் கையில போயிடுச்சு" என்று டீக்கடையில் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஏதோ ஜப்தியான மாதிரி ஒரு தொனி இருக்கும். ஜப்தியெல்லாம் கிடையாது. வழக்கு முடியும்வரை சொத்து கோர்ட்டின் கையில் இருக்கிறது; அந்தக் கைக்குப் பெயர்தான் ரிசீவர். அவர் வாதியின் ஆளுமில்லை, பிரதிவாதியின் ஆளுமில்லை. இதை இன்னும் இரண்டு முறையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பழையது. 1908-ஆம் வருடத்து உரிமையியல் நடைமுறைச் சட்டம், 40-ஆவது கட்டளை. நியாயமாகவும் வசதியாகவும் படுகிறது என்றால் கோர்ட் ரிசீவரைப் போடலாம் என்கிறது. அதற்காகக் கேட்டதும் போட்டுவிட மாட்டார்கள். 1955-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐந்து நெறிகளைச் சொல்லி, அதைப் 'பஞ்ச சதாசாரம்' என்றே அழைத்தது. அவற்றில் நாலைச் சொல்கிறேன். மனுப் போடுகிறவருக்கு வழக்கில் நல்ல பலம் இருக்க வேண்டும். சொத்து பாழாகிற ஆபத்து இருக்க வேண்டும். சொத்தை அனுபவித்துக்கொண்டிருப்பவரைச் சும்மா எழுப்பிவிடக் கூடாது. கேட்பவர் கையும் சுத்தமாக இருக்க வேண்டும்.

சரி, ஆளை எப்படிப் பிடிப்பது? இரண்டு தரப்பும் ஒரு பெயருக்குத் தலையாட்டினால் வேலை சுலபம். ஆட்டவே மாட்டார்கள்! அப்போது அந்த வழக்கில் ஆஜராகாத ஒரு வக்கீலை நீதிபதி போடுவார். அரசுக்குத் தீர்வை கட்டுகிற நிலமாக இருந்தால், கலெக்டர் சம்மதத்தோடு அவரையே போடவும் சட்டத்தில் வழி உண்டு.

நான் ஜூனியராக இருந்தபோது அப்படித்தான் மாட்டினேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. (அப்போது கிருஷ்ணகிரி தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது, 2004-இல்தான் தனி மாவட்டம்.) அண்ணன் ராத்திரியில் காய் பறிக்கிறார் என்று தம்பி மனு, தம்பிதான் பறிக்கிறார் என்று அண்ணன் பதில் மனு. வழக்குக்கு வாய்தா வாங்கலாம், பெங்களூரா காய்க்கு வாங்க முடியுமா?

முதல் நாள் மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டேன். ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பால் நம்பர் எழுதி, நோட்டில் ஏற்றினேன். முப்பத்தேழாம் நம்பர் மரத்தடியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் அம்மா.

"தம்பி, இது நான் குடத்துல தண்ணி ஊத்தி வளத்த மரம். வருசா வருசம் இதுலதான் வடு போடுவேன். ஒரு கூடை பறிச்சுக்கட்டுமா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. சாயங்காலம் சீனியரிடம், "என் காசைப் போட்டு நானே வாங்கிக் கொடுத்துவிடட்டுமா?" என்றேன். "ரிசீவர் தன் பொறுப்பில் இருக்கிற சொத்தைத் தானே வாங்குவானா? வீட்டுக்குப் போய்ச் சட்டத்தைப் படி" என்று சத்தம் போட்டார். மறுநாள் கோர்ட்டில் அனுமதி வாங்கி, சந்தை விலையை விசாரித்துக்கொண்டு பாட்டியிடம் போனேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பன்னிரண்டு ரூபாய் எண்ணிக் கொடுத்தார். தான் வளர்த்த மரத்துக் காய்க்கு! ரசீது எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் மற்றக் காயையெல்லாம் ஏலம் விட்டேன். வைப்புத்தொகை கட்டியவர்களுக்கு மட்டுமே கேட்க அனுமதி. இல்லாவிட்டால் தம்பி வீம்புக்கு ஏற்றிவிட்டுப் போய்விடுவார். பணம் வழக்குக் கணக்கில் ஏறியது.

வருடக் கணக்கைத் தாக்கல் செய்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அண்ணனின் வக்கீல் அந்த ஒரு கூடை வடுவைப் பிடித்துக்கொண்டார். "ஏலத்துக்கு முன்பே சின்னவர் வீட்டுக்குச் சலுகை" என்றார். பாட்டி தம்பி வீட்டில் இருந்தார். "ரசீது இருக்கிறதா?" என்று நீதிபதி கேட்டார். அடிக்கட்டை என்னிடம் இருந்தது. அசலைப் பின் பெஞ்சிலிருந்து பாட்டியே நீட்டினார். வடு வாசனை வந்தது.

ரிசீவர் கோர்ட்டின் ஆள் என்றேன் அல்லவா, அதனால்தான் அவர் பொறுப்பில் இருக்கிற தோட்டத்தில் யாராவது புகுந்து பறித்தால் அது கோர்ட் அவமதிப்பாகிறது. கோர்ட் அனுமதி இல்லாமல் அவர்மேல் வழக்கும் போட முடியாது. அதே கோர்ட், ரிசீவர் வேண்டுமென்றே தவறு செய்தாலோ படுமோசமாகக் கவனக்குறைவாக இருந்தாலோ, நஷ்டத்துக்கு அவர் சொத்தையே ஜப்தி செய்யும். அதற்காகத்தான் ஆரம்பத்திலேயே ஜாமீன் கேட்பார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷமாம். சம்பளம் பற்றிச் சொல்ல நினைத்தேன்: அதைக் கோர்ட்தான் நிர்ணயிக்கும், தரப்பினரிடம் தனியாக ஒரு காசு வாங்கக் கூடாது. ரிசீவர் நியமன உத்தரவின்மேல் அப்பீல் போகலாம். ரிசீவருக்குப் பொறுப்பிலிருந்து விடுவிப்பு என்பது கணக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகுதான். அந்தத் தோப்புக்கு எனக்கு அது கிடைக்க ஒன்பது வருடம் ஆனது. சாவியை ஒப்படைத்த அன்று முப்பத்தேழாம் நம்பர் அண்ணன் பாகத்தில் இருந்தது. வணக்கம்.