பனியன் விலையில் ஏறாத செலவு

நடுவர் அவர்களே, சுற்றுச்சூழல் சட்டம் தொழிலாளியின் கூலியைப் பறிக்கிறது என்று எதிரணியில் பேசிய அண்ணன், "2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அன்றைக்கு வேலை போனவனுக்கு யார் பதில் சொல்வது?" என்று கேட்டு அமர்ந்தார். நியாயமான கேள்வி. அந்த வலியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கணக்கை 2011-இல் தொடங்கினால் தப்பாகிவிடும்.

வெள்ளியங்கிரியில் பிறந்து, திருப்பூர் வழியே ஓடி, காவிரியில் சேரும் நொய்யல் ஆற்றின் குறுக்கே, 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை வந்தது. பாசனத்துக்காக மக்கள் பணத்தில் கட்டியது. சில ஆண்டுகளிலேயே, திருப்பூர்ப் பட்டறைகள் ஆற்றில் விட்ட சாயத் தண்ணீர் அதில் தேங்கியது. கிணறுகள் உப்பேறின, வயல்கள் கெட்டன. தண்ணீர் விடு என்று போராடும் விவசாயியைத்தான் நமக்குத் தெரியும். இங்கே, தண்ணீரைத் தேக்காதே என்று விவசாயியே கேட்டான். இது செலவு இல்லையா? பனியன் விலையில் இது ஏறவில்லை, அவ்வளவுதான். அணைக்கு அருகே, சென்னிமலைப் பக்கத்து உழவன் தன் கிணற்றைக் கொடுத்து இந்தச் செலவை ஏற்றான்.

பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். துணியை அலசும்போது அது தண்ணீரோடு வெளியே வந்துவிடும். வழக்கமான சுத்திகரிப்பில் உப்பு போகாது. உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு வழியே தண்ணீரை அழுத்திச் செலுத்தும் ஆர்.ஓ. கருவி வைத்து வடிகட்ட வேண்டும், அப்புறம் மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்க வேண்டும். மின்சாரமும் விறகும் நிறையத் தின்னும் வேலை. சின்னப் பட்டறைக்காரர் தனியாகத் தாங்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

அதற்காக ஆற்றில் விடலாமா? ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. கெடு முடிந்தும் கழிவு நிற்காததால்தான் 2011-இல் பூட்டு விழுந்தது. தொழிலாளியின் கூலியைப் பறித்தது சட்டம் அல்ல அண்ணா, தள்ளிப்போட்ட ஆண்டுகள். பூட்டு விழுந்த பிறகு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அணை கட்டிய காலத்திலேயே இப்படிக் கைகொடுத்திருந்தால், அந்த அணையும் பிழைத்திருக்கும், கூலியும் நின்றிருக்காது.

இன்று அதே திருப்பூரில், பிரித்தெடுத்த தண்ணீரும் உப்பும் மறுபடி சாயத்தொட்டிக்கே போகின்றன. தொழில் ஊரைவிட்டு ஓடிவிடவில்லை.

தீர்ப்பு எழுதும்போது, மூடிய பட்டறைகளோடு அந்த உப்பேறிய கிணறுகளையும் சேர்த்து எண்ணுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.