காசு கூடினால் ஊர் வளருமா?

[காட்சி: இரணைமடுக் குளத்தின் கீழ் விளைந்து கிடக்கும் பெரும்போக வயல்]

வணக்கம் உறவுகளே. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்தது எங்கட பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி, பசளை எதுவும் தாராளமாக வராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டார்கள். காசு வைத்திருந்தவர்களும் இருந்தார்கள், ஆனால் கடையில் சாமான் இல்லை. எல்லார் கையிலும் இரண்டு மடங்கு காசு இருந்திருந்தாலும் மண்ணெண்ணெய் ஒரு போத்தல்கூடக் கூடியிருக்காது. விலைதான் கூடியிருக்கும்.

நாணயக் கொள்கையை, அதாவது நாட்டில் புழங்கும் பணத்தின் அளவையும் வட்டியையும் மத்திய வங்கி கட்டுப்படுத்துவதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

[காட்சி: வெறும் பசளைப் பை]

2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. நெல் விளைச்சல் விழுந்தது. அதே காலத்தில் மத்திய வங்கி, திறைசேரி உண்டியல்களை (அரசு குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரங்களை) வாங்கி அரசின் செலவுக்குப் புதுப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. டொலரும் தீர்ந்துபோனது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம்! அந்த மாதம் சந்தைக்குப் போனவர்களுக்கு இந்த எண்ணை விளக்கத் தேவையில்லை.

சரி, மத்திய வங்கி என்ன செய்தது? வங்கிகள் தன்னிடம் ஓரிரவுக்கு வாங்கும் கடனின் வட்டியை, 2022 ஏப்ரலில் ஒரே தடவையில் 7.5 இலிருந்து 14.5 சதவீதமாக ஏற்றியது. கடன் எடுப்பது குறைந்தது, வாங்குவது குறைந்தது, 2023 இன் பிற்பகுதியில் விலையேற்றமும் அடங்கியது. ஆனால் கடனில் ஓடிய சிறு தொழில்கள் நொந்துபோயின. அந்த வலியை நாங்கள் மறக்கக்கூடாது. அரசுக்குப் பணம் அச்சிட்டுக் கொடுப்பதை 2023 இல் வந்த மத்திய வங்கிச் சட்டம் தடுத்துவிட்டது. அது மிக நல்ல விஷயம்.

[காட்சி: நெல் மூடை ஏற்றிய லொறி, ஏ-9 வீதி]

அப்புறம் வட்டி இறங்கியது. மற்ற வட்டிகளுக்கு வழிகாட்டுவதற்காக மத்திய வங்கி வைக்கும் கொள்கை வட்டி, 2025 மே மாதம் 7.75 சதவீதமானது. வட்டி இறங்கினால் மட்டும் வன்னி வளர்ந்துவிடுமா? இங்கே பலருடைய காணிக்கு உறுதி (சொந்தம் என்று காட்டும் பத்திரம்) இல்லை, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம்தான் இருக்கிறது. அதை ஈடு வைத்து அரிசி ஆலை போடுகிற அளவுக்குக் கடன் எடுப்பது லேசான காரியமில்லை. அதனால் விதைப்புக்கு நகை அடகுக்குப் போகிறது. அறுவடை முடிந்ததும் அதை மீட்கிற அவசரத்தில், வந்த விலைக்கு நெல்லை லொறியில் ஏற்றிவிடுகிறோம். பிறகு அதே நெல்லை அரிசியாகக் கடையில் வாங்குகிறோம்.