நாளைக்குப் போகட்டும் தவளைகள்

நேயர்களுக்கு வணக்கம். எபிரெய அடிமைகளை விட மறுத்த எகிப்து ராஜா பார்வோனின் நாட்டின்மேல் கடவுள் அனுப்பியதாகப் பைபிள் சொல்லும் பத்து வாதைகளைப் பற்றிச் சில நிமிடம் பேசச் சொன்னார்கள். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் தவளையிலேயே நின்றுவிடுவேன்.

முதலில் சொல். நாம் ‘வாதை’ என்று படிப்பதை யூதர்கள் எபிரெயத்தில் ‘மக்கோத்’ என்பார்கள். அடிகள் என்று பொருள். அடி யார்மேல்? இந்தக் கதை வரும் பைபிள் புத்தகமான யாத்திராகமத்தின் 12ஆம் அதிகாரமே சொல்கிறது, எகிப்தின் தேவர்கள்மேல் என்று. சூரியன் அங்கே ரா என்னும் தெய்வம். ஒன்பதாம் வாதையில் மூன்று நாள் இருட்டு. பத்து வாதைக்கும் பத்துத் தெய்வம் என்று பட்டியல் போடுபவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சம் இழுத்துக் கட்டியதாகப் படும். ஆனால் தவளைத் தலையோடு ஒரு தெய்வம் நிஜமாகவே இருந்தாள். ஹெகெத், பிரசவத்துக்குத் துணை நிற்பவள். எபிரெய ஆண் குழந்தைகளை ஆற்றில் போடச் சொன்ன நாடு அது. அதே ஆற்றிலிருந்துதான் தவளைகள் ஏறி வருகின்றன.

எங்கெல்லாம் ஏறின? படுக்கையில், அடுப்பில், மாப் பிசைகிற தொட்டியில். நம் சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில், பதினோராவது மாடியில், தோசைக்கு மாவு ஆட்டக் கிரைண்டர் மூடியைத் தூக்குகிறீர்கள். உள்ளே ஒரு தவளை உட்கார்ந்து உங்களைப் பார்க்கிறது! பார்வோனின் மந்திரவாதிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களாலும் முடியும் என்று இன்னும் கொஞ்சம் தவளைகளை வரவழைத்தார்கள். கூட்டத் தெரிந்தது, குறைக்கத் தெரியவில்லை.

கடைசியில் பார்வோன் எபிரெயர்களின் தலைவர் மோசேயைக் கூப்பிடுகிறான். தவளைகள் எப்போது போக வேண்டும், நீரே சொல்லும் என்கிறார் மோசே. பார்வோன் சொன்ன பதில்: ‘நாளைக்கு.’ இன்றைக்கு இல்லை, நாளைக்கு! ஞாயிறு வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள், “அங்கிள், அவருக்குத் தவளை பிடிக்குமா?” எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கடைவாய்ப் பல் மூன்று மாதமாக வலித்துக்கொண்டிருந்தது. தினமும் வீட்டில் கேட்பார்கள், பல் டாக்டரிடம் எப்போது போகப்போகிறீர்கள் என்று. நானும் பார்வோன் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, நேரம் ஓடுகிறது. 2020இல் நாமெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, இது எத்தனையாவது வாதை என்று வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். 2003இல் சார்ஸ் தொற்றுநோய் இங்கே 33 பேரைக் கொண்டுபோனபோதும் அதே பேச்சு. எனக்கு இது பிடிப்பதில்லை. அடி விழுந்தது பிடிவாதம் பிடித்த சிம்மாசனத்தின்மேல். பக்கத்து வீட்டில் காய்ச்சலில் படுத்திருப்பவர் பார்வோன் இல்லை. நம் பாட்டிமார் அம்மை போட்டால் ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்று சொல்லி வேப்பிலை வைத்தார்கள். படுத்திருக்கும் பிள்ளையைக் குற்றவாளி ஆக்கவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பத்தாம் வாதையில் ஏந்திரம் அரைக்கிற அடிமைப் பெண்ணின் தலைப்பிள்ளையும் சாகிறது. அவள் என்ன செய்தாள்? என்னிடம் பதில் இல்லை. எகிப்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பஸ்கா விருந்தில் யூதர்கள் ஒவ்வொரு வாதையின் பெயரைச் சொல்லும்போதும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சரசத்தை எடுத்துவிடுவார்கள். எதிரி பட்ட பாட்டுக்காகத் தங்கள் சந்தோஷத்தில் ஒரு துளி குறைத்துக்கொள்வது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878இல் கட்டிய யூத ஆலயத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் துளி ஞாபகம் வரும்.

பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வாதைகளை ஊற்றும் ஏழு கலசங்களைப் பற்றியும் சொல்ல நினைத்தேன், அங்கேயும் தவளை வருகிறது... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். வணக்கம்.