ரங்கூன்: கிட்டங்கிக்கு வெளியே இருந்த ஊர்
(காரைக்குடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் சீமைக்கு ஆறு வாய்க்கவில்லை. தேனாறு, மணிமுத்தாறு என்று பெயர்கள் இருக்கின்றன. மழை பெய்தால் நாலு நாள் ஓடும், அவ்வளவுதான். ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இங்கே நிற்கும் பெரிய வீடுகள் பலவும் ஓர் ஆற்றங்கரைத் தொழில் நகரத்தின் வரும்படியில் எழுந்தவை.

பர்மாவின் ரங்கூன்தான் அது. ரங்கூனைப் பற்றி நம்மிடம் கதைக்குப் பஞ்சமில்லை. நம் செட்டியார்கள் வட்டிக் கடை போட்ட மொகல் தெரு, அவர்கள் தங்கித் தொழில் பார்த்த கிட்டங்கி, கடையில் தொழில் பழகிய பெட்டியடிப் பையன், ஊர் திரும்பும் வரையிலான மூன்று வருடக் கணக்கு, கோயிலில் கூடி மாதாமாதம் நடப்பு வட்டி தீர்மானித்தது. எல்லாம் அந்தத் தெருவுக்குள்ளேயே நடக்கும். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஆறு. அந்தக் கொஞ்ச தூரத்தை நம் கதைகள் நடந்ததே இல்லை. இன்றைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்ப்போம்.

ரங்கூன் ஐராவதிக் கரையில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வடக்கிலிருந்து வரும் லைங் ஆறும் கிழக்கிலிருந்து வரும் பெகு ஆறும் சேரும் இடம் அது. கடல் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஓதம் ஏறும்போது கப்பல் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். ஐராவதிக்குக் குறுக்கு வழியாகத்தான் பிற்பாடு துவாண்டே கால்வாயை வெட்டினார்கள். 1755இல் அலாங்பயா மன்னர் டகோன் என்ற ஊரைப் பிடித்து, சண்டை ஓய்ந்தது என்ற பொருளில் யாங்கோன் என்று பெயர் வைத்தார். ஓயவில்லை என்பது வேறு விஷயம். 1852 யுத்தத்தில் ஆங்கிலேயர் பிடித்து, தாழ்ந்த நிலத்தை மண் கொட்டி மேடாக்கி, கட்டம் போட்டது போலத் தெருக்களை வகுத்தார்கள்.

அப்புறம் 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதுவரை ஐரோப்பாவுக்குப் போன அரிசி ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டும். தீட்டிய அரிசி அவ்வளவு நாள் தாங்காது என்று அரைகுறையாக உமி நீக்கி அனுப்பினார்கள். நீராவிக் கப்பலும் குறுக்கு வழியும் வந்ததும், ரங்கூனிலேயே தீட்டி அனுப்பலாம் என்றாகிவிட்டது. நகரத்தின் கிழக்கே பசுண்டாங் ஓடை. அதன் கரையில் அரிசி மில்கள் வரிசைகட்டின. தை பிறந்தால் நெல் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். அந்த மில்களில் எனக்குப் பிடித்த விஷயம் உமி. விறகும் நிலக்கரியும் தேடி அலைய வேண்டாம். நெல்லின் உமியை எரித்தே பாய்லர் ஓடும், பாய்லர் ஓடினால் அடுத்த நெல் அரைபடும். எரித்தும் மீந்து போகும் அளவுக்கு உமி. உமிக் கரியும் தூசியும் புகையும் சேர்ந்த காற்றுதான் அந்த ஊர்க் காற்று. நம் தாத்தாமார் வெள்ளை வேட்டி உடுத்திய ஊர் அது. வண்ணான் பாடு என்னவாயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த நெல் எங்கிருந்து வந்தது? 1850களில் கீழ்பர்மாவில் நெல் விளைந்தது பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930களில் எண்பது லட்சத்துக்கு மேல். காட்டை வெட்ட, மாடு வாங்க, அறுப்புக் கூலி கொடுக்கப் பணம் வேண்டும். ஐரோப்பிய பாங்குகள் பர்மிய விவசாயியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. செட்டியார் கொடுத்தார். பாங்கில் குறைந்த வட்டிக்கு வாங்கி, நிலத்தின் பேரில் கூடுதல் வட்டிக்கு விட்டார். 1930 வாக்கில் பர்மா முழுதும் சுமார் 1,650 லேவாதேவிக் கடைகள், எழுபத்தைந்து கோடி ரூபாய் முதல் என்று அரசு விசாரணைக் குழு கணக்கிட்டது. கடனுக்குப் போன பணம் நெல்லாகி, படகேறி, ஓடைக்கு வந்து, அரிசியாகிக் கப்பலேறியது. மெட்ராஸுக்கும் வந்தது, இலங்கைத் தோட்டங்களுக்கும் போனது.

தேக்கும், குழாய் போடும் வரை பெட்ரோலிய எண்ணெயும், இதே ஆற்று வழிதான். தேக்கங்கட்டையின் முனையில் கம்பெனி அடையாளத்தைச் சுத்தியலால் அடித்து, தெப்பமாகக் கட்டி மிதக்கவிடுவார்கள். ரங்கூன் மரவாடியில் யானைகள் அடுக்கும். உங்கள் வீட்டுப் பட்டாலைத் தூணும் அப்படி மிதந்து வந்ததாக இருக்கலாம். ஆற்றுக்கு அக்கரையில் சிரியம் எண்ணெய் ஆலை. எதிரே டாலாவில், ஸ்காட்லாந்திலிருந்து பகுதி பகுதியாக வந்த ஆற்றுக் கப்பல்களைப் பூட்டிய பட்டறை.

சரி, இதையெல்லாம் தூக்கிச் சுமந்தது யார்? பெரும்பாலும் ஆந்திரக் கடற்கரையிலிருந்து போன தெலுங்கர்கள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, கப்பலேறி, ஒரே அறையில் பத்துப் பதினைந்து பேராகப் படுத்து எழுந்தவர்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். இந்தக் கணக்கை நாம் பெருமையாகச் சொல்வதுண்டு. ஒரு பர்மியரின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? 1930 மே மாதம் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பதிலுக்குப் பர்மியரை எடுத்தார்கள். வேலை நிறுத்தம் முடிந்ததும் அவர்களை அப்படியே போகச் சொல்லிவிட்டார்கள். கலவரம் மூண்டு நூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

அதே சமயம் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம்தான் வந்தது. கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் செட்டியார் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. 1938இல் நூற்றுக்கு இருபத்தைந்து. "நாங்களா பிடுங்கினோம்? விலை பிடுங்கியது" என்பார் எங்கள் ஐயா. பாதி நியாயம். நிலம் வேண்டுமென்று யாரும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போகவில்லை, பணம் முடங்கினால் தொழிலே முடங்கும். ஆனால் காட்டை வெட்டி வயலாக்கியவன் அதே வயலில் குத்தகைக்காரனாக நின்றான். அவனுக்கு உலகச் சந்தை தெரியாது, மொகல் தெருதான் தெரியும்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. துறைமுகக் கூலிகள் ஊரை விட்டு ஓட, கப்பல்களில் சரக்கு இறக்க ஆளில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அந்த ஊர் என்ன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மார்ச்சில் ஆங்கிலேயர் வெளியேறும்போது சிரியம் ஆலைக்குத் தாங்களே தீ வைத்தார்கள். பின்வாங்கிப் போகிற வழியில் ஆற்றுக் கப்பல்களை ஓட்டைபோட்டு மூழ்கடித்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் நடந்தே கிளம்பினார்கள். நடந்த கதை உங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கும், நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐயா வைத்துவிட்டுப் போன பேரேடுகள் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் இருக்கின்றன. வட்டி, தவணை, கோயில் மகமை, ஊருக்குப் பணம் அனுப்பிய உண்டியல் எல்லாம் அச்சுப்போல எழுதியிருக்கிறார். ஆற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். போன வருடம் பூச்சி அரித்த ஓர் ஏட்டைப் புரட்டும்போது ஒன்று கிடைத்தது. மில் ஒன்றை ஈடாகப் பார்க்க அக்கரைக்குப் போயிருக்கிறார். பற்றுப் பக்கத்தில் எழுதியிருந்தது: "டாலா போய்வர சம்பான் கூலி 4 அணா."