அடையாறு புற்றுநோய் மருத்துவமனை: திறப்பு விழாவுக்குப் பின்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவமனையின் வரலாறு என்றாலே அடிக்கல் நாட்டியவர் யார், திறந்து வைத்தவர் யார் என்பதோடு முடித்துக்கொள்வது நம் வழக்கம். அதையும் சொல்லிவிடுகிறேன். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952 அக்டோபரில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் 12 படுக்கைகளுடன் அது செயல்படத் தொடங்கியது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டியபோது, எப்படியும் இறந்துபோகிறவர்களுக்குத் தனியாக ஒரு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்கள் பொறுப்பான பதவிகளிலேயே இருந்தார்கள். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் வாதாடிக்கொண்டிராமல் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள்.

1957இல் கனடாவிலிருந்து கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி நன்கொடையாக வந்தது. ஆசியாவிலேயே முதலாவது என்ற பெருமையைப் பலரும் குறிப்பிடுவார்கள். அதன் மறுபக்கத்தைப் பேசுவோர் குறைவு. தோலை அதிகம் புண்ணாக்காமல் உடலின் ஆழத்திலுள்ள கட்டியைத் தாக்கவல்ல அந்தக் கோபால்ட்டின் வீரியம் சுமார் ஐந்தேகால் ஆண்டுகளில் பாதியாகிவிடும். அப்போது அதே அளவு கதிர்வீச்சைக் கொடுக்க ஒவ்வொரு நோயாளியையும் இரு மடங்கு நேரம் படுக்க வைக்க வேண்டும். வெளியே காத்திருப்போர் வரிசையும் நீளும். ஆகவே, இலவசமாக வந்த கருவிக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதிய கோபால்ட் வாங்கப் பணம் தேட வேண்டியிருக்கிறது. (கருவியில் தம் பெயரைப் பொறிக்க முன்வரும் கொடையாளர்கள், அதன் பராமரிப்புச் செலவு என்றதும் சற்றே தயங்குவதை நிதி திரட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.) ஏழை நோயாளிகளிடம் கட்டணம் கேட்பதில்லை என்று முடிவு செய்த நிறுவனத்துக்கு இந்தச் சுமை ஒருநாளும் இறங்குவதில்லை.

1960இல் குழந்தைகளுக்கான தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. புற்றுநோய்த் துறைக்கென்று மருத்துவர்களை உருவாக்கும் உயர்கல்வி நிலையம் 1984இல் அமைந்தது.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது, 1980களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தின்கீழ் இங்கே தொடங்கிய புற்றுநோய்ப் பதிவேடு. இங்கு சிகிச்சைக்கு வருபவர்களோடு நின்றுவிடாமல், சென்னை நகரில் புற்றுநோய் கண்டறியப்படும் அனைவரையும் கணக்கில் கொண்டுவருவது அதன் நோக்கம். பெண்களிடையே முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்துவந்ததும், மார்பகப் புற்றுநோய் அதை முந்தியதும் அந்தப் பதிவேட்டின் வழியாகவே தெளிவாயின. எந்த வயதினரை, எந்தப் புற்றுநோய்க்காகப் பரிசோதனைக்கு அழைப்பது என்று திட்டமிட அந்தக் கணக்கே துணைநிற்கிறது.